டியூப் லேசர் நெஸ்டிங்: குட்டித் துண்டுகளைச் செட் கட்டுவது எப்படி?

டியூப் லேசர் மிஷினுக்கு நெஸ்டிங் (ஒரு பைப்பில் எந்தெந்தத் துண்டு எங்கே வரும் என்று கம்ப்யூட்டரில் அடுக்குவது) போடப் புதிதாக உட்காருபவர்களை நீளமான துண்டுகள் அதிகம் படுத்துவதில்லை. ஒரு மீட்டர், முக்கால் மீட்டர் துண்டுகளை சாஃப்ட்வேரே ஒழுங்காக அடுக்கிவிடும். படுத்துவதெல்லாம் 40 மி.மீ., 60 மி.மீ. என்று வரும் கிளீட் (சட்டத்தைப் பிணைக்கும் சிறு துண்டு), ஸ்பேசர் (இடைவெளி காக்கும் துண்டு), காது மாதிரியான குட்டிகள்தான். தனித்தனியாக விட்டால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வெட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் ஒரு இடைவெளி, வெட்டி முடித்ததும் எங்கே போய் விழுந்தது என்று தேடும் வேலை. அதனால் நாலைந்து குட்டிகளை ஒரே துண்டாகச் சேர்த்து நெஸ்ட் செய்கிறோம். இதைச் செட் கட்டுவது என்றே இங்கே சொல்கிறேன்.

ஷாங்காய் ஃப்ரெண்டெஸின் டியூப்ஸ்டி, ஸ்பெயினின் லான்டெக், இத்தாலியின் பிஎல்எம் தரும் ஆர்டியூப் என்று எதில் வேலை செய்தாலும் கணக்கு ஒன்றுதான். மெனுவின் பெயரும் இடமும் மட்டும் மாறும். ஆகவே எந்தப் பட்டனை அழுத்துவது என்பதைவிட, எப்போது, எத்தனை, ஏன் என்பதைத்தான் இதில் அதிகம் பேசப்போகிறேன். பட்டன் எங்கே இருக்கிறது என்று பக்கத்து சீட்டுக்காரர் காட்டிக்கொடுத்துவிடுவார்.

ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொள்வோம்

பால்கனி கைப்பிடி, ஆறு பேனல். மேல் கீழ்ச் சட்டம் வேறு சைஸ் பைப், அதை விட்டுவிடுவோம். மீதி எல்லாம் 25 × 25 ஸ்கொயர் டியூப், 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ. ஒரு பேனலுக்கு 740 மி.மீ. நிற்கும் கம்பி 14, பக்கத் தாங்கல் 350 மி.மீ. 2, நடுவில் துளை போட்ட 60 மி.மீ. கிளீட் 8. ஆறு பேனலுக்கும் சேர்த்தால் 84, 12, 48. எல்லாம் நேர் வெட்டு. பைப் வழக்கமான 6 மீட்டர் லெங்த், கடைக்காரர் கணக்கில் 20 அடி. இந்தச் சைஸில் ஒரு லெங்த் ஏறக்குறைய 7 கிலோ இருக்கும்.

படி 1: சேர்க்கக் கூடியது எது?

ஒரே செக்ஷன், ஒரே சுவர்த் தடிமன், ஒரே மெட்டீரியல். இந்த மூன்றும் ஒத்துப்போனால்தான் செட். 25 × 25 × 1.6 குட்டியையும் 25 × 25 × 2 குட்டியையும் திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. லிஸ்ட்டில் தடிமன் காலத்தைப் பார்த்துதான் பிரிக்க வேண்டும். ட்ராயிங்கிலிருந்து ஸ்டெப், ஐஜிஎஸ் ஃபைலாக வரும்போது மூலை வளைவின் ரேடியஸையும் ஒருமுறை பாருங்கள். டிசைனர் கூர்மூலையாக வரைந்து அனுப்பியிருப்பார், ரேக்கில் கிடக்கும் டியூபின் மூலை உருண்டையாக இருக்கும். நாசில் (லேசர் வெளிவரும் மூக்கு) மூலையைச் சுற்றி வரும்போது உயரம் தவறுவது பெரும்பாலும் இதனால்தான். செட் கட்டின பிறகு திருத்தப் போனால் செட்டையே கலைக்க வேண்டியிருக்கும்.

படி 2: மிஷினின் எல்லைகளைப் போடுங்கள்

நாலு எண்கள் தெரியாமல் நெஸ்டிங்கைத் தொடக்கூடாது.

முதலாவது, வால். பின் சக் (டியூபைப் பிடித்துச் சுழற்றும் பிடி) பிடித்திருக்கும் கடைசிப் பகுதியை, முன் சக்கைத் தாண்டி வெட்டும் ஹெட்டுக்குக் கீழே கொண்டுவர முடியாது. இரண்டு சக் மிஷினில் அந்த அளவு அப்படியே வீணாகும். மூன்று சக் மிஷினில் வால் குறைவு. நம் கணக்குக்கு 200 மி.மீ. என்று வைப்போம். இரண்டாவது, முன் முனையைச் சீராக்க வெட்டித் தள்ளும் டிரிம், 10 மி.மீ. மூன்றாவது, துண்டுக்கும் துண்டுக்கும் இடைவெளி; 2 மி.மீ. நான்காவது கெர்ஃப், அதாவது வெட்டும்போது எரிந்துபோகும் அகலம். ஃபைபர் லேசரில் மெல்லிய டியூபுக்கு 0.2 மி.மீ. பக்கத்தில் வரும்.

6000-இல் 200-உம் 10-உம் போக, கையில் நிற்பது 5790.

படி 3: சேர்க்காமல் ஒரு நெஸ்ட் போட்டுப் பாருங்கள்

புதியவர்கள் இந்தப் படியைத்தான் தாண்டிவிடுகிறார்கள். குட்டியைப் பார்த்ததும் பத்துப் பத்தாகச் செட் கட்டிவிட்டு, அப்புறம் நெஸ்டிங் பட்டனை அழுத்துவார்கள். வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். செட்டில் எத்தனை துண்டு என்பதை, பெரிய துண்டுகள் போக ஒரு லெங்த்தில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் தீர்மானிக்க வேண்டும்.

நம் வேலையில், ஒரு லெங்த்தில் 740 கம்பி ஏழு போகும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் 2 மி.மீ. சேர்த்து 742 × 7 = 5194. மீதி 596. அதில் ஒரு 350 வைத்தால் 352 போய் 244 நிற்கும். 60 மி.மீ. கிளீட் இடைவெளியோடு 62. நாலு வைக்க 248 வேண்டும். நம்மிடம் 244. வெறும் நாலு மி.மீ. பற்றாததால் சாஃப்ட்வேர் மூன்றோடு நிறுத்திவிடும்.

12 லெங்த்துக்கும் இதே கதை என்றால் 36 கிளீட்தான் கிடைக்கும். மிச்சம் 12 கிளீட்டுக்காக 13-ஆவது பைப்பைத் தொட வேண்டும். வேறு மாதிரி அடுக்கிப் பார்க்கலாமே என்று தோன்றும். மொத்தத்தைக் கூட்டுங்கள்: 84 × 742 = 62,328; 12 × 352 = 4,224; 48 × 62 = 2,976. ஆக 69,528. பன்னிரண்டு பைப்பில் இருப்பதோ 12 × 5790 = 69,480. 48 மி.மீ. குறைகிறது. எவ்வளவு கெட்டிக்கார சாஃப்ட்வேரானாலும் இந்த இடைவெளியோடு 12-இல் அடக்க முடியாது.

(நீளத்தை வெட்டிப் பங்கிடும் இந்தக் கணக்கு லேசருக்கெல்லாம் வெகு மூத்தது. சோவியத் கணிதவியலாளர் கான்டரோவிச் 1939-இலேயே இதை எழுதிவைத்தார். ஐபிஎம்மில் கில்மோரும் கோமரியும் 1961-இல் கம்ப்யூட்டருக்கு ஏற்ற வழியைக் கொடுத்தார்கள். ஆனால் இடைவெளி 2 என்று நாம் டைப் செய்துவிட்டால், அந்த 2-ஐ மாற்றும் அதிகாரம் எந்தக் கணக்குக்கும் கிடையாது.)

படி 4: செட்டின் அளவைத் தீர்மானியுங்கள்

350-க்குப் பிறகு மிஞ்சியது 244. இதில் நாலு கிளீட்டைக் காமன் கட்டில், அதாவது அடுத்தடுத்த இரண்டு துண்டுக்கும் நடுவில் ஒரே வெட்டாக, ஒட்டி வைத்தால் 4 × 60 = 240, நடுவில் மூன்று வெட்டுக்கு 3 × 0.2 = 0.6. செட்டின் நீளம் 240.6, பின்னால் இடைவெளி 2, மொத்தம் 242.6. அடங்கிவிட்டது, 1.4 மி.மீ. கையிலும் நிற்கிறது. ஒவ்வொரு லெங்த்திலும் 7 கம்பி, 1 தாங்கல், 1 செட். பன்னிரண்டு லெங்த்தில் 84, 12, 48. வேலை முடிந்தது, 13-ஆவது பைப் ரேக்கிலேயே கிடக்கட்டும்.

இதையே பத்துப் பத்தாகக் கட்டியிருந்தால்? ஒரு செட் 601.8 மி.மீ. ஏழு கம்பி வைத்த பிறகு மிஞ்சும் 596-இலேயே அது நுழையாது, 350-ஐச் சேர்ப்பது அப்புறம். செட்டை சாஃப்ட்வேர் உடைக்காது. அதற்கு அது ஒரே துண்டு. ஓட்டை நிரப்பத்தான் குட்டிகள், அவற்றையே பெரிதாக்கிவிட்டால் ஓட்டை ஓட்டையாகவே நிற்கும்.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். மொத்த எண்ணிக்கை செட்டின் எண்ணிக்கையால் மீதியின்றி வகுபட வேண்டும். 48-ஐ நாலால் வகுத்தால் 12. ஐந்தால் வகுத்தால் 9 செட்டும் 3 உதிரியும் வரும். உதிரி வந்தால் குற்றமில்லை, ஆனால் அந்த மூன்றைத் தனி ஐட்டமாக லிஸ்ட்டில் சேர்க்க மறக்கக்கூடாது.

நீளத்துக்கும் ஒரு வரம்பு வைத்துக்கொள்வது நல்லது. மிஷின் ஒவ்வொரு துண்டு தொடங்கும்போதும் டியூபின் மையத்தைத் தேடிச் சரிபார்த்துக்கொள்ளும்படி வைத்திருந்தால், செட்டுக்கு அது ஒரே ஒருமுறைதான் நடக்கும். டியூப் சற்றே முறுக்கியோ வளைந்தோ இருந்தால், செட்டின் கடைசித் துண்டில் துளை மையம் விட்டு நகர்ந்திருக்கும். துளை உள்ள துண்டுகளுக்கு 300 மி.மீ. தாண்டாமல் செட் கட்டுவது என் வழக்கம். துளையே இல்லாத ஸ்பேசர் என்றால் இதற்கு அவ்வளவு கவலைப்பட வேண்டாம்.

படி 5: செட்டைக் கட்டுதல்

நேர் வெட்டுத் துண்டென்றால் எளிது. ஒரு கிளீட்டைத் தேர்ந்தெடுத்து, டியூபின் நீளவாக்கில் நாலு நகல். இடைவெளி கெர்ஃபுக்குச் சமம், அதாவது 0.2. பலர் இங்கே 0 போட்டுவிடுவார்கள். 0 போட்டால் எரியும் 0.2 துண்டுகளிலிருந்தே போகும். நடுவில் உள்ள கிளீட் 59.8 ஆகிவிடும். கிளீட்டுக்கு அது பெரிய விஷயமில்லை. ஸ்பேசருக்கு, அதுவும் பத்துப் பதினைந்து ஒன்றன்பின் ஒன்றாக போல்ட்டில் கோக்கும் இடத்தில், விஷயம்தான்.

காமன் கட்டில் நடு எல்லையில் ஒரே ஒரு வெட்டு விழுகிறது. தனித்தனியாக இருந்தால் நாலு கிளீட்டுக்கு 8 வெட்டு, செட்டில் 5. நம் 48 கிளீட்டுக்கு 96 வெட்டு 60 ஆகிறது, 36 பியர்சிங்கும் (வெட்டு தொடங்க லேசர் சுவரைத் துளைப்பது) மிச்சம். இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. 2 மி.மீ. இடைவெளியில் இரண்டு பக்கமும் வெட்டும்போது நடுவில் மெல்லிய வளையமாக ஒரு ஸ்கிராப் உதிரும். அது நேராகக் கீழே விழாமல் டியூப் முனையில் தொங்கிக்கொண்டு நிற்கும், இல்லையென்றால் டியூபுக்கு உள்ளேயே போய்ப் படுத்துக்கொள்ளும். அடுத்த துண்டுக்கு நாசில் இறங்கும்போது அது தட்டினால் அலாரம். செட்டுக்குள் அந்த வளையமே இல்லை.

அப்படியானால் 740 கம்பியையும் காமன் கட்டில் போட்டுவிடலாமே? போடலாம், சிலர் போடுகிறார்கள். நீளத் துண்டு அறுந்து விலகும்போது சற்றுத் தொங்கி, அடுத்த துண்டின் முகத்தில் ஒரு சிறு தழும்பு விழும். வெளியே தெரியும் முனையென்றால் அது பெயிண்டிலும் மறையாது. இடம் போதும் என்றால் நீளத் துண்டுகளுக்கு இடைவெளியை விட்டுவிடுங்கள்.

சுவர் 5 மி.மீ.க்கு மேல் போனால் காமன் கட்டில் கொஞ்சம் நிதானம் வேண்டும். வெட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்பத் திரும்பச் சூடு ஏறுவதால் முனைகள் உருகி அசிங்கமாகும்.

சாய்வு வெட்டு வந்தால்

40 × 40 டியூபில் இரு முனையும் 45 டிகிரி, நீளமான பக்கம் 120, குட்டையான பக்கம் 40. மூலைத் தாங்கல்களில் அடிக்கடி வரும் வடிவம். இதை அப்படியே வரிசையாக வைத்தால் ஒவ்வொன்றும் 120 மி.மீ. சாப்பிடும், நடுவில் முக்கோண ஸ்கிராப் விழும். ஒன்றுவிட்டு ஒன்றை டியூபின் அச்சில் 180 டிகிரி புரட்டினால் ஒன்றின் சாய்வில் அடுத்தது படுத்துக்கொள்ளும்; ஒரு துண்டுக்குச் சராசரி 80 மி.மீ.தான். செட் கட்டுவதில் மெட்டீரியல் அதிகம் மிச்சமாவது இந்த வடிவத்தில்தான். சாய்வில் 0.2 கெர்ஃப் நீளவாக்கில் 0.28 ஆகும் என்பதை நினைவில் வையுங்கள்.

புரட்டும்போது மூன்றைச் சரிபார்க்க வேண்டும். துளை ஒரு பக்கம் மட்டும் இருந்தால், புரட்டின துண்டின் துளையும் கூடவே புரண்டிருக்கிறதா? நகலெடுத்துக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிட்டால் இடது கைத் துண்டுக்குப் பதில் வலது கைத் துண்டு வந்துவிடும். சுழற்றலாம், மிரர் செய்யக்கூடாது. அடுத்தது வெல்ட் சீம், அதாவது டியூபை மூடிய வெல்ட் கோடு. டியூபில் சீம் ஒரே கோட்டில் ஓடுகிறது. துண்டைப் புரட்டினால் பாதித் துண்டுகளில் சீம் எதிர்ப்பக்கம் போய்விடும். ஃபர்னிச்சர் வேலையில், சீம் வெளியே தெரியக்கூடாது என்று வாடிக்கையாளர் சொல்லியிருந்தால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மூன்றாவது, 50 × 25 போன்ற ரெக்டாங்கிள் டியூபில் 180 டிகிரி சுழற்றலாம், 90 முடியாது. சாஃப்ட்வேர் பெரும்பாலும் தடுத்துவிடும்.

ஒரு நுணுக்கம். பெவல் ஹெட் (சாய்ந்து வெட்டும் தலை) இல்லாத மிஷின் சுவரை நேராகத்தான் வெட்டும், சாய்த்து வெட்டாது. அதனால் இரண்டு துண்டை 45-இல் சேர்த்து வெல்ட் செய்யும்போது உள் விளிம்புகள் இடிக்கும். இடிக்காமல் இருக்க, சுவர்த் தடிமனுக்கு ஏற்ப வெட்டுக்கோட்டை நகர்த்தும் திருத்தத்தை சாஃப்ட்வேரில் போட்டிருப்பார்கள். அந்தத் திருத்தம் இருக்கும் துண்டில் ஒன்றின் ஓரக்கோடும் அடுத்ததன் ஓரக்கோடும் முழுக்கப் பொருந்தாது. அங்கே காமன் கட் வேண்டாம். புரட்டி நெருக்கி வையுங்கள், நடுவில் சிறு இடைவெளி விடுங்கள். அப்போதும் லாபம்தான்.

மைக்ரோ ஜாயிண்ட் தேவையா?

குட்டிகள் உடனுக்குடன் உதிர்ந்தால் போதுமா, அல்லது செட்டாகவே வெளியே வர வேண்டுமா? இதை மிஷின் பக்கம் நிற்கும் ஆப்பரேட்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள், சீட்டில் இருந்தபடி முடிவு செய்யாதீர்கள். கீழே டிரே நன்றாக இருந்து, துண்டு ஸ்கிராப்போடு கலக்காது என்றால் முழுதாக வெட்டிவிடலாம். கலக்கும் என்றால், நடு வெட்டுகளில் மைக்ரோ ஜாயிண்ட் (வெட்டாமல் விடும் சிறு பாலம்) விட்டு, செட் ஒரே குச்சியாக இறங்கட்டும். மேசையில் வைத்துக் கையால் ஒடித்துக்கொள்ளலாம்.

1.6 மி.மீ. சுவருக்கு எதிரெதிர் முகத்தில் இரண்டு ஜாயிண்ட், ஒவ்வொன்றும் அரை மி.மீ. என்று தொடங்கி, ஸ்கிராப் துண்டில் ஒருமுறை சோதித்துக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள். மூலை வளைவில் வைக்க வேண்டாம், ஒடிய மறுக்கும். சீம் இருக்கும் முகத்திலும் வேண்டாம். ஒடித்த இடத்தில் ஒரு மொட்டு நிற்கும், அதை கிரைண்டரில் தட்டிவிட ஆள் வேண்டும். பிளாஸ்டிக் மூடி போடும் முனை என்றால் அந்த மொட்டு மூடியை உட்காரவிடாது.

படி 6: எண்ணிக்கையை மாற்றுங்கள்

செட் கட்டி முடித்ததும் முதல் வேலை இதுதான். பழைய லிஸ்ட்டில் கிளீட் 48 என்று இருக்கும். செட்டுக்கு அது 12 ஆக வேண்டும். மாற்றாமல் விட்டால் 48 செட், அதாவது 192 கிளீட் வெட்டிக் கொடுத்துவிடும் மிஷின். பழைய தனி கிளீட்டையும் லிஸ்ட்டில் விட்டுவைக்காதீர்கள், எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குங்கள் அல்லது நீக்குங்கள். சில சாஃப்ட்வேர் இதைத் தானே கழித்துக்கொள்ளும். கழித்ததா என்று கண்ணால் பார்த்துவிட்டு நகருங்கள்.

பெயரிலும் கணக்கு தெரியட்டும். ‘கிளீட்-60 × 4’ என்று வைத்தால் ரிப்போர்ட் பார்க்கும் ஸ்டோர்காரருக்கும் புரியும். ‘புதிய பார்ட் 3’ என்று விட்டால் டெலிவரி சலானில் 12 என்று ஏறி, மாலையில் போன் வரும்.

படி 7: வரிசையும் சிமுலேஷனும்

செட்டுக்குள், ஒவ்வொரு கிளீட்டின் துளையும் அதன் முனை வெட்டுக்கு முன்னால் வர வேண்டும். முனை அறுந்தபின் துளை போட முடியாது. டியூப் முன்னோக்கி வரும் திசையில், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டிலிருந்து ஒவ்வொன்றாக: துளை, வெட்டு, துளை, வெட்டு. மைக்ரோ ஜாயிண்ட் விட்டிருந்தால் எல்லாத் துளையும் முதலில், வெட்டுகள் பிறகு என்றும் வைக்கலாம்.

லெங்த்துக்குள் செட் எங்கே உட்கார வேண்டும் என்பது மிஷினைப் பொறுத்தது. இரண்டு சக் மிஷினில் நீளத் துண்டுகளை முதலில் வெட்டிவிட்டு, செட்டைக் கடைசியில் வைப்பது பொதுவாக ஒத்துவரும். மூன்று சக் மிஷினில் வாலைக் குறைக்க, கடைசித் துண்டை எதிர்ப்பக்கத்துச் சக் பிடித்து இழுக்கும். பிடிக்க நீளம் வேண்டும். அங்கே கடைசி இடம் நீளத் துண்டுக்கு, செட் முன்னாலோ நடுவிலோ போகட்டும். குறைந்தபட்சப் பிடி நீளம் உங்கள் மிஷின் மேனுவலில் இருக்கும்.

சிமுலேஷனைக் கடைசி வரை ஓடவிடுங்கள். முதல் துண்டைப் பார்த்துவிட்டு மூடிவிடுவதுதான் வழக்கம், ஆனால் சிக்கல் வருவது வாலுக்குப் பக்கத்தில்.

படி 8: முதல் லெங்த்

1.4 மி.மீ.தான் கையில் இருக்கிறது என்றேன். பைப் 6000 என்று பில்லில் இருப்பதை நம்பி உட்கார வேண்டாம், டேப் வைத்து நாலைந்து லெங்த்தை அளந்து பாருங்கள். 5996 என்று ஒன்று இருந்தால் கடைசி செட் அதில் ஏறாது. அப்படிப்பட்ட லெங்த்துக்கு மட்டும் மூன்று கிளீட் செட் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளலாம், அல்லது டிரிம்மை 10-லிருந்து 5 ஆக்கிப் பார்க்கலாம். முனை சதுரமாக வந்திருந்தால் 5 தாராளம்.

முதல் செட் இறங்கியதும் வெர்னியர் எடுத்து நாலையும் அளந்துவிடுங்கள். முனைத் துண்டு 60, நடுத் துண்டு 59.9 என்று வந்தால் கெர்ஃப் நீங்கள் போட்டதைவிட அதிகம். செட்டின் இடைவெளியை 0.3 ஆக்குங்கள். நாலு துண்டில் மூன்று வெட்டுக்கு அதிகமாவது 0.3 மி.மீ., நம்மிடம் 1.4 இருக்கிறது. எல்லாத் துண்டும் ஒரே மாதிரி குறைந்தால் அது கெர்ஃப் ஈடு போடும் இடத்தில் உள்ள எண், செட்டின் குற்றமில்லை. துளையை நாலாவது துண்டில் பாருங்கள், முதல் துண்டில் அல்ல. நாலாவதில் மையம் சரியாக இருந்தால் மீதி 11 லெங்த்தையும் ஓட விடலாம்.

லேசர் இல்லாமல் கட்டிங் வீல் வைத்திருக்கும் பட்டறைக்கும் இதே வழி பொருந்தும், எண்கள்தான் மாறும். வீலில் ஒரு வெட்டுக்கு 3 மி.மீ. வரை போகும், குட்டித் துண்டை வைஸில் பிடிக்கவும் முடியாது. நாலு கிளீட்டுக்கு 4 × 60, மூன்று வெட்டுக்கு 9, ஆக 249-இல் ஒரு துண்டை வெட்டி, துளை நாலையும் டிரில்லில் போட்டுவிட்டு, கடைசியில் பிரிப்பது சுலபம்.

மிஞ்சுகிற பிட்டுகள் பற்றி ஒரு வார்த்தை. 300 மி.மீ.க்கு மேல் மிஞ்சினால் அதன் மேல் சைஸையும் தடிமனையும் மார்க்கரில் எழுதி, சாஃப்ட்வேரின் ஸ்டாக் லிஸ்ட்டில் அதே நீளத்தோடு ஏற்றிவிடுங்கள். ஆனால் அதே மிஷினில் மறுபடி ஏற்றினால் வாலுக்கு 200, டிரிம்முக்கு 10 திரும்பவும் போகும். 300 பிட்டில் வெட்டக் கிடைப்பது வெறும் 90, அதாவது ஒரே ஒரு கிளீட். அதற்கு மிஷினை நிறுத்தி ஏற்றுவதைவிட, பிட்டைக் கட்டிங் வீலுக்கு அனுப்பிவிடலாம்.